ஆர்டர் பை: கேட்ட வரிசையும் கேட்காத வரிசையும்

ஒரு டேபிளில் பத்தாயிரம் வரிகள் இருக்கின்றன. எஸ்க்யூஎல் மொழியில் 'செலக்ட் ஸ்டார்' (எல்லாவற்றையும் கொடு) என்று எடுத்தால் முதலில் போட்ட வரி முதலில் வருகிறது, கடைசியில் போட்டது கடைசியில் வருகிறது. நாளைக்கும் அப்படியே வருகிறது, ஆறு மாதம் கழித்தும் அப்படியே வருகிறது. பார்த்துப் பார்த்துப் பழகியபின், டேபிளுக்குள் வரிகள் அந்த வரிசையில்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன, எப்போது எடுத்தாலும் அப்படித்தான் வரும் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. தரவை டேபிள்களாக வைத்திருக்கும் ரிலேஷனல் டேட்டாபேஸ் பற்றி எனக்குத் தெரிந்த தவறான நம்பிக்கைகளில் இதைவிட நயமாக ஏமாற்றுவது வேறு இல்லை.

டேபிளுக்கு வரிசை என்று ஒன்று கிடையாது. 'இந்த வரிசையில் கொடு' என்று சொல்லும் ஆர்டர் பை இல்லாத குவெரிக்கு (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விக்கு) எந்த வரிசையில் பதில் வந்தாலும் அது சரியான பதில்தான். நம் கண்ணில் படும் வரிசை, அந்த நேரத்தில் டேட்டாபேஸ் எந்த வழியாகப் போய் வரிகளை எடுத்ததோ அந்த வழியின் தடயம். வழி மாறினால் வரிசையும் மாறும். எரர் வராது, எச்சரிக்கையும் வராது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு நிமிடம் போதும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் ஐந்து வரிகள் உள்ள சின்ன டேபிள் ஒன்றை உருவாக்கி, இரண்டாவது வரியை மட்டும் அப்டேட் செய்துவிட்டு மறுபடி செலக்ட் போடுங்கள். அந்த வரி கடைசிக்குப் போயிருக்கும். போஸ்ட்கிரெஸ் அப்டேட் செய்யும்போது பழைய வரியை இருந்த இடத்திலேயே திருத்துவதில்லை. புதிய பிரதி ஒன்றைக் காலி இடத்தில் எழுதிவிட்டு, பழையதைச் செல்லாதது என்று குறித்துவைக்கிறது. பின்னால் வாக்யூம் என்ற துப்புரவு வேலை ஓடி அந்தப் பழைய இடம் காலியானால், நாளை போடும் புத்தம் புதிய வரி நடுவில் போய் உட்காரவும் கூடும்.

மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி வேறு மாதிரி. அது வரிகளை, ஒவ்வொரு வரிக்கும் தனி அடையாளமான பிரைமரி கீ (பெரும்பாலும் ஐடி) வரிசையிலேயே வைத்திருக்கும். அதனால் எதைக் கேட்டாலும் ஐடி வரிசையில் வருவது பழக்கமாகிவிடும். இப்போது மின்னஞ்சல் ஃபீல்டுக்கு ஒரு இண்டெக்ஸ் (தேடலை வேகப்படுத்தும் வரிசைப்பட்டியல்) போட்டுவிட்டு, ஐடியை மட்டும் செலக்ட் செய்து பாருங்கள். இன்னோடிபியின் ஒவ்வொரு துணை இண்டெக்ஸுக்குள்ளும் பிரைமரி கீயும் சேர்ந்தே இருக்கும். அந்தச் சின்ன இண்டெக்ஸைப் படித்தாலே பதில் கிடைத்துவிடும் என்பதால் எந்த வழியில் எடுப்பது என்று முடிவுசெய்யும் ஆப்டிமைசர் பெரும்பாலும் அந்த வழியைத்தான் எடுக்கும். ஐடிகள் மின்னஞ்சல் முகவரியின் அகர வரிசையில் வந்து விழும். வேகத்துக்காக யாரோ சேர்த்த ஒரு இண்டெக்ஸ், சம்பந்தமே இல்லாத ஒரு ரிப்போர்ட்டைக் கலைத்துவிடுவது இப்படித்தான்.

இது கவனக்குறைவில் விட்ட ஓட்டை கிடையாது, யோசித்து எடுத்த முடிவு. ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட், 1970-ல் ரிலேஷனல் மாதிரியை முன்வைத்த கட்டுரையிலேயே, அன்றைய டேட்டாபேஸ்கள் புரோகிராமர்களைக் கட்டிப்போட்டிருந்த மூன்று சார்புகளை எடுத்துச் சொன்னார். இண்டெக்ஸைச் சார்ந்திருப்பது ஒன்று, தரவை எட்டும் பாதையைச் சார்ந்திருப்பது இன்னொன்று. இவை இரண்டுக்கும் முன்னால் அவர் வைத்தது வரிசையைச் சார்ந்திருப்பது. பதிவுகள் டிஸ்கில் கிடக்கும் வரிசையை நம்பி எழுதிய புரோகிராம், அந்தச் சேமிப்பு வரிசையை மாற்ற நேர்ந்தால் உடைந்துபோகும் என்பதே அவர் கவலை. வரிசை என்ற பொறுப்பைச் சேமிப்பிலிருந்து பிரித்து, கேட்பவர் கையில் கொடுத்ததால்தான் டேட்டாபேஸ் எழுதுபவர்கள் உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றி வேகப்படுத்த முடிகிறது.

அப்படி வேகப்படுத்திய ஒவ்வொரு முறையும் யாராவது அடிபட்டிருக்கிறார்கள். ஆரக்கிள் டேட்டாபேஸில், வரிகளைக் குழுக்களாகச் சேர்க்கும் குரூப் பை போட்டால் முடிவு வரிசையாக வருவது வெகுகாலம் வழக்கமாக இருந்தது, ஏனென்றால் உள்ளே வரிசைப்படுத்தித்தான் குழுக்களைப் பிரித்தார்கள். 10ஜி இரண்டாம் வெளியீட்டில் வரிசைப்படுத்தாமலே குழு பிரிக்கும் ஹாஷ் முறை வந்ததும் அந்த வரிசை போனது. எஸ்க்யூஎல் சர்வர் 2000-ல் ஒரு வியூவுக்குள் (பெயரிட்டுச் சேமித்த குவெரிக்குள்) 'டாப் 100 பெர்செண்ட்' என்று போட்டு ஆர்டர் பையை ஒளித்துவைப்பது பரவலான தந்திரம். 2005 பதிப்பின் ஆப்டிமைசர் அதை வெட்டி எறிந்தது. போஸ்ட்கிரெஸ் 8.3 (2008) வந்தபோது, ஒரு பெரிய டேபிளை ஏற்கெனவே ஒருவர் முழுதாகப் படித்துக்கொண்டிருந்தால், அடுத்து வருபவர் அவரோடு நடுவில் சேர்ந்துகொள்ளும் வசதி வந்தது. டிஸ்க் வேலை மிச்சம், ஆனால் பதில் நடுவிலிருந்து தொடங்கியது. அடுத்த ஆண்டு 8.4-ல் ஒரே மதிப்பு திரும்ப வராமல் எடுக்கும் டிஸ்டிங்க்ட் முடிவும் வரிசையாக வருவது உறுதியில்லை என்றானது. மைஎஸ்க்யூஎல்லில் குரூப் பை வரிசைப்படுத்தும் என்பது கையேட்டிலேயே எழுதப்பட்டிருந்த வழக்கம். அதையும் முன்னறிவிப்போடு 8.0-ல் நீக்கினார்கள்.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது எஸ்க்யூலைட் என்ற சிறிய டேட்டாபேஸ் செய்திருக்கும் ஏற்பாடு. 'ரிவர்ஸ் அன்ஆர்டர்ட் செலக்ட்ஸ்' என்று அதில் ஒரு ப்ராக்மா (அமைப்புக் கட்டளை) உண்டு. அதைப் போட்டுவிட்டால், ஆர்டர் பை இல்லாத பல குவெரிகளின் பதில் தலைகீழாக வரும். உங்கள் செயலியின் சோதனைகளை ஒருமுறை அது இல்லாமலும் ஒருமுறை அதோடும் ஓட்டுங்கள். எந்த இடத்தில் கேட்காத வரிசையை நம்பியிருக்கிறீர்கள் என்று தானாகவே வெளியே வந்துவிடும்.

சரி, ஆர்டர் பை எழுதிவிட்டோம். இப்போதும் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

ஒரு கடையின் பில் பட்டியலை எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 20 பில், புதியது மேலே. குவெரியின் கடைசியில் 'ஆர்டர் பை பில்_தேதி டெஸ்க் லிமிட் 20 ஆஃப்செட் 0', அடுத்த பக்கத்துக்கு 'ஆஃப்செட் 20'. டெஸ்க் என்றால் இறங்குவரிசை, லிமிட் என்றால் எத்தனை வரி வேண்டும், ஆஃப்செட் என்றால் எத்தனை வரியைத் தாண்டி. ஒரே நாளில் 300 பில் போடும் கடை என்றால், முதல் பதினைந்து பக்கங்களுக்கும் தேதி ஒன்றே. அந்த 300-க்குள் எது முந்தி, எது பிந்தி என்று நாம் எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு பக்கமும் தனித்தனிக் குவெரி என்பதால் டேட்டாபேஸ் ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாக முடிவுசெய்கிறது. லிமிட் இருக்கும்போது அது எல்லாவற்றையும் வரிசைப்படுத்தாமல், தேவையான அளவு வரிகளை மட்டும் ஹீப் என்ற தற்காலிக அடுக்கில் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். போஸ்ட்கிரெஸில் இது 8.3 முதல், மைஎஸ்க்யூஎல்லில் 5.6 முதல். முதல் பக்கத்துக்கு 20 வரி ஹீப், இரண்டாம் பக்கத்துக்கு 40 வரி ஹீப். சமமான வரிகள் இந்த இரண்டிலும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. விளைவு, 1047-ஆம் பில் முதல் பக்கத்தின் அடியிலும் இரண்டாம் பக்கத்திலும் தெரியும், 1052-ஆம் பில் எந்தப் பக்கத்திலும் தெரியாது. பில் டேபிளுக்குள் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் பக்கம் பக்கமாகப் பார்த்துச் சரிபார்க்கிறவருக்கு அது காணாமல் போன பில்.

மருந்து எளிது. ஆர்டர் பையின் கடைசியில் ஒருபோதும் திரும்ப வராத ஒரு ஃபீல்டைச் சேர்க்க வேண்டும்: 'ஆர்டர் பை பில்_தேதி டெஸ்க், பில்_எண் டெஸ்க்'. இனி எந்த இரண்டு வரிகளும் சமம் இல்லை, வரிசை ஒன்றே ஒன்றுதான்.

இப்படி வரிசை முழுமையானபின் ஆஃப்செட்டையே விட்டுவிடலாம். ஆஃப்செட் 1,00,000 என்றால் டேட்டாபேஸ் ஒரு லட்சம் வரிகளை எடுத்துத் தூக்கிப்போட்டுவிட்டுத்தான் அடுத்த 20-ஐத் தரும். நடுவில் ஒரு புது பில் நுழைந்தால் எல்லாம் ஒரு இடம் நகர்ந்து, பார்த்த பில்லே மறுபடி வரும். அதற்குப் பதிலாக, கடைசியாகக் காட்டிய பில்லின் தேதியையும் எண்ணையும் நினைவில் வைத்துக்கொண்டு 'தேதி, எண் என்ற இந்த ஜோடியைவிடச் சிறியவை, முதல் 20' என்று கேட்பது கீசெட் முறை. இரண்டு ஃபீல்டுக்கும் சேர்த்து ஒரு இண்டெக்ஸ் இருந்தால் ஆயிரமாவது பக்கமும் முதல் பக்கம் போலவே சட்டென்று வரும். நேராக 57-ஆம் பக்கத்துக்குத் தாவ முடியாது என்பது குறைதான். கீழே தள்ளித் தள்ளிப் பார்க்கும் செயலிகளில் அந்தக் குறை யாருக்கும் தெரியாது.

அடுத்து, நல். மதிப்பே இல்லாத ஃபீல்டு முன்னால் வருமா, பின்னால் வருமா என்பதில் டேட்டாபேஸ்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஆரக்கிளும் போஸ்ட்கிரெஸும் நல்லை எல்லாவற்றையும்விடப் பெரியதாக எடுத்துக்கொள்ளும். மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர், எஸ்க்யூலைட் மூன்றும் சிறியதாக எடுத்துக்கொள்ளும். கடைசியாகப் பணம் கட்டிய தேதியை இறங்குவரிசையில் போஸ்ட்கிரெஸில் கேட்டால், இதுவரை ஒரு ரூபாய்கூடக் கட்டாதவர்கள் பட்டியலின் உச்சியில் வந்து நிற்பார்கள். 'நல்ஸ் லாஸ்ட்' என்று சேர்த்தால் தீர்ந்தது. போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், 2019-க்குப் பிந்தைய எஸ்க்யூலைட் எல்லாவற்றிலும் அது உண்டு. மைஎஸ்க்யூஎல்லில் இல்லை, அங்கே 'ஆர்டர் பை தேதி இஸ் நல், தேதி' என்று சுற்றி வளைத்து எழுத வேண்டும்.

எண்களை எழுத்தாகச் சேமித்தால் 10 என்பது 9-க்கு முன்னால் வரும். தேதியை நாள்-மாதம்-வருடம் என்று எழுத்தாகச் சேமித்தால் எல்லா மாதங்களின் 1-ஆம் தேதிகளும் ஒன்றாகக் கூடும். இரண்டுக்கும் ஆர்டர் பையில் வைத்தியம் தேடாமல் ஃபீல்டின் டைப்பை மாற்றுவதே சரி.

வரிசைப்படுத்துவதற்கு விலை உண்டு. போஸ்ட்கிரெஸில் ஒரு சார்ட் வேலைக்குக் கிடைக்கும் நினைவகத்தின் அளவு வொர்க்_மெம், நிறுவியபடி விட்டால் 4 எம்பி. மைஎஸ்க்யூஎல்லில் அதற்கு இணையான சார்ட் பஃபர் 256 கேபி. அதற்குள் அடங்கினால் எல்லாம் நினைவகத்திலேயே முடிந்துவிடும். அடங்காவிட்டால் துண்டு துண்டாக வரிசைப்படுத்தி டெம்ப் ஃபைல்களில் எழுதி, பிறகு அவற்றைக் கோத்து ஒரே வரிசையாக்கும். குவெரி ஓடிய விதத்தைக் காட்டும் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் போட்டால் 'எக்ஸ்டெர்னல் மெர்ஜ் டிஸ்க்' என்று தெரிவது இதுதான். உடனே வொர்க்_மெம்மை ஒரு ஜிபி ஆக்கிவிடத் தோன்றும், வேண்டாம். அந்த அளவு ஒரு சர்வருக்கு மொத்தமாகக் கொடுத்தது கிடையாது. ஒரே குவெரியில் மூன்று சார்ட் இருந்தால் மூன்றும் தனித்தனியாக அவ்வளவு எடுக்கலாம், அப்படி நூறு கனெக்ஷன்கள் ஒரே நேரத்தில் ஓடலாம்.

பி-ட்ரீ இண்டெக்ஸ் என்பதே ஏற்கெனவே வரிசைப்படுத்தி வைத்த தரவு. ஆர்டர் பையும் இண்டெக்ஸும் பொருந்தினால் சார்ட்டே வேண்டாம், இண்டெக்ஸை ஓரத்திலிருந்து படித்துக்கொண்டே போனால் போதும். தேதி, எண் என்ற இண்டெக்ஸைப் பின்னாலிருந்து படித்தால் இரண்டுமே இறங்குவரிசையில் கிடைக்கும். ஒன்று ஏறு, ஒன்று இறங்கு என்றால் அந்த இண்டெக்ஸ் முழுதாக உதவாது, அதே கலவையில் தனியாக ஒன்று போட வேண்டும். மைஎஸ்க்யூஎல் 8.0-க்கு முன்பு இண்டெக்ஸில் டெஸ்க் என்று எழுதினால் ஏற்றுக்கொள்ளும், ஆனால் கண்டுகொள்ளாது. இதையெல்லாம் படித்துவிட்டு ஒவ்வொரு ஆர்டர் பைக்கும் ஒரு இண்டெக்ஸ் போட வேண்டியதில்லை. டேபிள் முழுவதும் வேண்டும் என்கிறபோது, இண்டெக்ஸ் வழியே ஒவ்வொரு வரியாகத் தாவித் தாவி எடுப்பதைவிட மொத்தமாகப் படித்து வரிசைப்படுத்துவது பல நேரம் மலிவு. ஆப்டிமைசர் இண்டெக்ஸை ஒதுக்கிவிட்டுச் சார்ட் செய்தால் அது பிழை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

இனி தமிழ். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். தமிழ்ப் பெயர்களையும் சொற்களையும் பட்டியலிடும் தளங்களில் தவறான வரிசை சகஜமாகிவிட்டது, கேட்பாரும் இல்லை. ஆறு சொற்களை ஒரு டேபிளில் போடுங்கள்: பல், பவளம், பழம், பள்ளம், பறவை, பனை. இது அகராதி வரிசை. ய ர ல வ ழ ள ற ன என்று பள்ளியில் படித்த வரிசைப்படி அமைந்தது. இதே சொற்களை ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோடு தந்த எண்ணை மட்டும் பார்க்கும் டேட்டாபேஸ் பனை, பறவை, பல், பள்ளம், பழம், பவளம் என்று தரும். கடைசியில் நிற்க வேண்டிய பனை முதலில் வந்துவிட்டது.

காரணம் யூனிகோடின் தமிழ்ப் பகுதி உருவான விதம். அது இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக அமைந்த இஸ்கி குறியீட்டின் 1988 பதிப்பை அடியொற்றியது. அந்தப் பொதுச் சட்டகத்தில் ன என்ற எழுத்து ந-வுக்கு அடுத்தும், ற என்ற எழுத்து ர-வுக்கு அடுத்தும் இடம்பெற்றன. ல-வுக்குப் பின் ள, ழ, வ என்று தொடர்கிறது. ஜ நடுவே ச-வுக்கும் ஞ-வுக்கும் இடையில் வந்துவிட்டதால் ஜெயந்தி, ஞானத்துக்கு முன்னால் போய்விடுகிறார். ஃ, அ-வுக்கும் முந்தி நிற்கிறது. புள்ளியின் எண் எல்லா உயிர்மெய்க் குறிகளுக்கும் பின்னால் இருப்பதால் கண்ணன், கணபதி, கணேசன் என்று வர வேண்டியது கணபதி, கணேசன், கண்ணன் என்று வருகிறது. எண் வரிசையும் அகர வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று யூனிகோடு எங்கும் சொல்லவில்லை. வரிசைப்படுத்தத் தனி விதிகளை அது வைத்திருக்கிறது, கொலேஷன் என்பது அதுதான். அந்த விதிகளைக் கேட்காமல் வெறும் எண்ணை எடுத்துக்கொள்வது நம் டேபிள் அமைப்பின் குறை.

போஸ்ட்கிரெஸ் 10 முதல் ஐசியு என்ற யூனிகோடு நூலகத்தின் கொலேஷன்களைப் பயன்படுத்தலாம், தமிழுக்கென்றே ஒன்று அதில் உண்டு. மைஎஸ்க்யூஎல் 8.0-ன் இயல்பான கொலேஷன் யூனிகோடின் பொது விதிகளைப் பின்பற்றுவதால் ல வ ழ ள ற ன வரிசை சரியாக வரும். ஆனால் பழைய பதிப்பிலிருந்து கொண்டுவந்த டேபிள்கள் 'ஜெனரல் சிஐ' கொலேஷனோடு அப்படியே இருக்கும், அது தமிழுக்கு எண் வரிசைதான். எஸ்க்யூலைட்டின் இயல்பு வெறும் பைட் ஒப்பீடு. ஆண்ட்ராய்டில் 'லோக்கலைஸ்டு' என்ற கொலேஷனைச் சேர்த்துத் தருகிறார்கள், மற்ற இடங்களில் நாமே ஒப்பிடும் ஃபங்ஷன் எழுதிப் பதிவுசெய்யலாம். எதைத் தேர்ந்தாலும் மேலே சொன்ன ஆறு சொற்களையும், கண்ணன், கணபதி, கணேசன் மூவரையும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அப்புறம் இன்னொன்று: கொ என்ற எழுத்தை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது, பைட் ஒப்பீட்டில் இரண்டும் வேறு சொற்கள். உள்ளே வரும்போதே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். போஸ்ட்கிரெஸ் 13 முதல் 'நார்மலைஸ்' என்ற ஃபங்ஷனே இருக்கிறது.

கொலேஷன் திரையில் காட்டும் வரிசையோடு நின்றுவிடுவதில்லை. எழுத்து ஃபீல்டின் மேல் போட்ட இண்டெக்ஸ், உருவான நாளில் இருந்த விதிப்படி அடுக்கப்பட்டு டிஸ்கில் உறைந்திருக்கிறது. போஸ்ட்கிரெஸ் வெகுகாலமாக எழுத்து ஒப்பீட்டை ஆபரேட்டிங் சிஸ்டத்தின் சி நூலகத்திடம் விட்டிருந்தது. 2018 ஆகஸ்டில் வந்த, லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி 2.28, ஒப்பீட்டு விதிகளைப் பெரிய அளவில் புதுப்பித்தது. அமெரிக்க ஆங்கில அமைப்பில் '11' முன்னால், '1-1' பின்னால் என்று இருந்தது, '1-1' முன்னால் என்று மாறியது. லினக்ஸ் வகைகளான டெபியன் 9-லிருந்து 10-க்கோ, ரெட் ஹாட் 7-லிருந்து 8-க்கோ போனவர்களின் பழைய இண்டெக்ஸ்கள் பழைய விதிப்படி அடுக்கியவை, தேடலோ புதிய விதிப்படி நடந்தது. இருக்கும் வரி தேடலில் அகப்படவில்லை. ஒரே மதிப்பை இருமுறை அனுமதிக்காத யூனிக் இண்டெக்ஸ், இருக்கும் மதிப்பு கண்ணில் படாததால் அதையே இரண்டாம் முறை உள்ளே விட்டது. சர்வர் ஒன்றும் அதன் நகல் சர்வர் இன்னொன்றுமாக வேறு வேறு ஆபரேட்டிங் சிஸ்டத்தில் இருந்தாலும் இதே கதிதான், ஏனென்றால் இண்டெக்ஸ் பைட் பைட்டாகத்தான் நகலாகிறது.

ஐசியு விதிகளுக்கும் பதிப்புகள் உண்டு, அவையும் மாறும். போஸ்ட்கிரெஸ் கொலேஷனின் பதிப்பு எண்ணைக் குறித்துவைத்து, அது மாறினால் எச்சரிக்கிறது. எச்சரிக்கை வந்தால் அந்தக் கொலேஷனை நம்பியிருக்கும் இண்டெக்ஸ்களை முதலில் ரீஇண்டெக்ஸ் செய்ய (புதிதாகக் கட்ட) வேண்டும், அதன்பிறகே 'ரிஃப்ரெஷ் வெர்ஷன்' கட்டளையைக் கொடுக்க வேண்டும். ரிஃப்ரெஷ் வெர்ஷன் பதிப்பு எண்ணை மட்டும்தான் மாற்றும், இண்டெக்ஸைத் தொடாது. அதை முதலில் கொடுத்துவிட்டு ரீஇண்டெக்ஸை மறந்தால் எச்சரிக்கை மறைந்துவிடும், பழைய வரிசையில் அடுக்கிய இண்டெக்ஸ் அப்படியே தொடர்ந்து ஓடும்.